எலக்ட்ரான் என்ன பம்பரமா?

எல்லாவற்றுக்கும் நிறை தருவது ஹிக்ஸ் துகள் என்று போன இதழில் நாலே வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம் போலிருக்கிறது. ஆகவே சினிமா, அரசியல், சர்க்கரை நோய்க் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழ்வரை காத்திருக்கட்டும். இந்த முறை ஸ்பின்னும் நிறையும் மட்டும்தான். ஸ்பின் என்பது துகள்களுக்குக் கூடவே பிறந்த ஒரு குணம், பாடநூலில் தற்சுழற்சி என்று போட்டிருப்பார்கள். பாதிக் குழப்பத்துக்கு அந்தச் சொல்லே காரணம் என்பதால் நான் ஸ்பின் என்றே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று எங்கள் வேதியியல் டீச்சர் சொல்கிறார். சுற்றவே இல்லை என்று இயற்பியல் சார் சொல்கிறார். யார் சொல்வதை எழுதினால் மார்க் கிடைக்கும்?
*பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்*

பதில்: மார்க் வேண்டுமென்றால் விடைத்தாளைத் திருத்துகிறவர் யாரோ அவர் சொல்வதை எழுதும்மா. உண்மை வேண்டுமென்றால், சார் பக்கம் முக்கால் நியாயம், டீச்சர் பக்கம் கால் நியாயம்.

1925-இன் தொடக்கத்தில் குரோனிக் என்ற இளைஞருக்கு எலக்ட்ரான் பம்பரம்போல் சுற்றினால் என்ன என்று தோன்றியது. இயற்பியலாளர் பௌலியிடம் போய்ச் சொன்னார். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், ஆனால் இயற்கை அப்படி இல்லை என்று பௌலி முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட, குரோனிக் அதை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டார். அதே வருடம் நெதர்லாந்தின் லைடனில் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு பேருக்கு இதே யோசனை வந்தது. எழுதி எரென்ஃபெஸ்ட் என்கிற தங்கள் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு, பெரியவர் லோரன்ட்ஸிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அவர் சில நாள் கழித்துப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து, இப்படிச் சுற்றினால் எலக்ட்ரானின் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும் என்று காட்டினார். பையன்கள் பயந்துபோய்க் கட்டுரையைத் திருப்பிக் கேட்க ஓடினால், எரென்ஃபெஸ்ட் ஏற்கெனவே அதைத் தபாலில் சேர்த்திருந்தார். உங்களுக்கு வயது குறைவு, ஒரு முட்டாள்தனம் செய்யலாம், தப்பில்லை என்கிற மாதிரி சொன்னாராம். எனக்கு இப்படி ஒரு வாத்தியார் வாய்க்கவில்லை.

அந்தக் கணக்கை நீயே போடலாம். எலக்ட்ரானை ஒரு திடமான குண்டாக எடுத்துக்கொள். பழைய மின்னியல் கணக்குப்படி அதன் ஆரம் 2.8 × 10⁻¹⁵ மீட்டர். ஸ்பின்னின் அளவு, பிளாங்க் மாறிலியை 4 பையால் வகுத்தால் வருவது (இதைத்தான் அரை ஸ்பின் என்பார்கள்). இந்த இரண்டையும் வைத்து விளிம்பின் வேகம் என்ன என்று பார்த்தால் ஒளியின் வேகத்தைப்போல சுமார் 170 மடங்கு வரும். ஆரம் இன்னும் சின்னது என்றால் வேகம் இன்னும் எகிறும். ஆகவே பம்பரம் அவுட். இது சாரின் முக்கால்.

டீச்சரின் கால் எங்கே வருகிறது என்றால், 1915-இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் செய்த ஒரு சோதனையில். ஓர் இரும்புத் தண்டை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, சுற்றிலும் கம்பிச் சுருளை வைத்து மின்சாரம் விட்டார்கள். இரும்பு காந்தமாகும்போது தண்டு தானாகத் திரும்பியது. இரும்பைக் காந்தமாக்குவது பெரும்பாலும் எலக்ட்ரான்களின் ஸ்பின்தான். அவை ஒரு பக்கம் திரும்பினால் தண்டு மறுபக்கம் திரும்பிக் கணக்கை நேர் செய்கிறது. அதாவது ஸ்பின் காகிதத்தில் போடும் அம்புக்குறி மட்டும் என்றில்லை, கண்ணெதிரே இரும்பைத் திருப்புகிற அசல் கோண உந்தம், அதாவது சுழற்சிக்குரிய உந்தம். (இதில் ஒரு வேடிக்கை. அப்போது ஸ்பின் யாருக்கும் தெரியாது. காந்தத்துக்கும் கோண உந்தத்துக்கும் உள்ள விகிதமாக ஐன்ஸ்டைன் 1 என்ற எண்ணை எதிர்பார்த்தார், சோதனையிலும் ஏறக்குறைய 1 என்றே அளந்தார். பிறகு மற்றவர்கள் அளந்தபோது 2 வந்தது. அவரே அப்படி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்.)

துகள் சுற்றவில்லை, ஆனால் கோண உந்தம் இருக்கிறது என்றால் எதுதான் சுற்றுகிறது? 1939-இல் பெலின்ஃபான்டே ஒரு பதில் கொடுத்தார், 1986-இல் ஓஹானியன் அதைத் தூசி தட்டி எழுதினார். எலக்ட்ரானுக்காக டிராக் என்பவர் எழுதிய குவாண்டம் சமன்பாட்டில் வரும் எலக்ட்ரான் அலையை எடுத்துக்கொண்டால், அந்த அலைக்குள் ஆற்றல் வட்டமாக ஓடுகிறது, அந்த ஓட்டத்தைக் கூட்டினால் சரியாக ஸ்பின் வருகிறது. எனக்கு இந்தப் படம் பிடிக்கும். ஸ்பின்னை மனத்தில் படமாகப் பார்க்கவே முடியாது என்று அடித்துச் சொல்கிற பாடநூல்களுக்கு இது நல்ல மாற்று மருந்து.

இன்னொன்றும் செய்து பார். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து உள்ளங்கையில் வை. கையைத் திருப்பாமல், டம்ளரை நிமிர்ந்தபடியே அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் ஒரு முழுச் சுற்று சுற்று. டம்ளர் பழைய நிலைக்கு வந்துவிடும், உன் முழங்கை முறுக்கிக்கொண்டு நிற்கும். அதே திசையில் தலைக்கு மேலே இன்னொரு சுற்று சுற்றினால்தான் கையும் நேராகும். எலக்ட்ரானும் இதே ரகம். 360 டிகிரி சுற்றினால் அதன் அலையின் குறி மாறிவிடும், 720 டிகிரி சுற்றினால்தான் பழையபடி ஆகும். இதே அரை ஸ்பின் உள்ள நியூட்ரானை வைத்து 1975-இல் இதைச் சோதித்தே காட்டிவிட்டார்கள். பிளாஸ்டிக் டம்ளராக எடுத்துக்கொள், நான் கண்ணாடியில் செய்து பார்த்துக் கூடத்தைப் பெருக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எலக்ட்ரான் என்பது வட்டமாகச் சுழலும் ஒளியே என்று 40 பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அதிலிருந்து நிறை, ஸ்பின் இரண்டும் தானாக வருகின்றன. ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை. படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லவும்.
*தஞ்சாவூர் வாசகர்*

பதில்: ஐயா, 40 பக்கத்தையும் படித்தேன். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. உண்மையைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது.

முதலில் ஒரு நல்ல சேதி. இந்த யோசனை பைத்தியக்காரத்தனம் கிடையாது, இதற்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. 1915-இலேயே பார்சன் என்பவர் எலக்ட்ரானை ஒரு மின்வளையமாக வரைந்தார். 1930-இல் ஷ்ரோடிங்கர், டிராக் சமன்பாட்டுக்குள் எலக்ட்ரான் ஒளிவேகத்தில் நடுங்குவதாகக் கண்டு அதற்கு ஜெர்மனில் ஒரு நீளமான பெயரும் வைத்தார். அந்த நடுக்கம்தான் ஸ்பின்னே என்று அமெரிக்காவின் ஹெஸ்டினிஸ் பல வருடம் எழுதினார். 1997-இல் வில்லியம்சன், வான் டெர் மார்க் என்ற இருவர், எலக்ட்ரான் என்பது மெதுவடை வடிவில் முடிச்சுப் போட்ட ஒளிதானா என்று கேட்டுக் கட்டுரையே வெளியிட்டார்கள். ஆகவே நீங்கள் தனியாள் இல்லை.

இப்போது உங்கள் 11-ஆம் பக்கம். காம்ப்டன் அலைநீளமுள்ள ஒளியை (எலக்ட்ரானின் நிறைக்குச் சமமான ஆற்றல் உள்ள ஒளியின் அலைநீளம், 2.43 × 10⁻¹² மீட்டர்) எடுத்து இரண்டு சுற்றாக வளைக்கிறீர்கள். ஆரம் 1.93 × 10⁻¹³ மீட்டர் வருகிறது. ஆற்றல் கணக்கு எலக்ட்ரானின் நிறையோடு பொருந்துகிறது, கோண உந்தமும் சரியாக அரை என்று வருகிறது. நீங்கள் குஷியானதில் தப்பே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட கணக்கு.

அந்த வளையத்தில் எலக்ட்ரானின் மின்னூட்டம் ஒளிவேகத்தில் ஓடினால், நொடிக்கு 2.47 × 10²⁰ தடவை சுற்றும். மின்னோட்டம் என்ன? கிட்டத்தட்ட 40 ஆம்பியர். வீட்டு மெயின் ஃபியூஸ் போய்விடும் ஐயா! சரி, இருக்கட்டும். அதை வளையத்தின் பரப்பால் பெருக்குங்கள், காந்தத் திருப்புத்திறன் கிடைக்கும்: 4.64 × 10⁻²⁴ ஜூல் பர் டெஸ்லா. சோதனைச்சாலையில் அளந்தது 9.28 × 10⁻²⁴. உங்களுக்கு வருவது சரிபாதி. ஆரத்தை இரட்டிப்பாக்கினால் காந்தம் சரியாகிவிடும், ஆனால் ஸ்பின்னும் இரட்டிப்பாகிவிடும். தலையை மூடினால் கால் தெரிகிற போர்வை கதைதான். மின்னூட்டமும் ஆற்றலும் ஒரே தடத்தில் ஓடுகிற எந்த வளையத்துக்கும் இந்தக் கதி. ஐன்ஸ்டைனிடம் வந்த அந்த 1, மற்றவர்கள் அளந்த அந்த 2, இதே இரண்டு எண்கள்தான்.

1928-இல் டிராக் எழுதிய சமன்பாட்டில் இந்த 2 தானாக விழுந்தது. ஸ்பின் வேண்டும் என்று அவர் தனியாகச் சேர்க்கவில்லை. குவாண்டம் விதியையும் சிறப்புச் சார்பியலையும் ஒன்றாகக் கட்டினார், ஸ்பின் கூடவே வந்தது. பிறகு அந்த 2-ம் முழுதாக 2 இல்லை, ஆயிரத்தில் ஒன்று சொச்சம் கூடுதல் என்று தெரிந்தது. 1948-இல் ஷ்விங்கர் அந்தச் சொச்சத்தையும் கணக்கிட்டார்: அந்த எண்ணில் பாதி 1.00116. இப்போது எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? ஒற்றை எலக்ட்ரானைக் காந்தப் பொறியில் பிடித்துவைத்து 2023-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அளந்த எண் 1.00115965218059. கடைசி இரண்டு இலக்கத்தில்தான் கொஞ்சம் ஆட்டம். கொள்கைக் கணக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் கூடவே வருகிறது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் உங்கள் கட்டுரையைப் பிரித்ததும் தேடியது இந்த எண்ணைத்தான் என்று நினைக்கிறேன். 40 பக்கத்தில் எங்கும் இல்லை.

இன்னொரு சிக்கல் அளவு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டுப் பார்த்ததில் 10⁻¹⁸ மீட்டர்வரை எலக்ட்ரானுக்குள் எந்த அமைப்பும் தென்படவில்லை. உங்கள் வளையம் அதைவிட இரண்டு லட்சம் மடங்கு பெரியது. வேகமாக மோதும்போது வளையம் சுருங்கிவிடும் என்று இந்தக் கட்சிக்காரர்கள் சொல்வதுண்டு. சொல்லலாம், எப்படிச் சுருங்கும், மோதிய துகள்கள் எந்தக் கோணத்தில் எத்தனை சிதறும் என்று எண்ணிக் காட்ட வேண்டும். அதுவும் போக, ஒளிக்கு மின்னூட்டம் கிடையாது, வெற்றிடத்தில் ஒளியைப் பிடித்து இவ்வளவு சின்ன வட்டத்தில் வளைப்பது எது என்பதற்கும் உங்கள் கட்டுரையில் “இயற்கையின் விருப்பம்” என்று மட்டுமே இருக்கிறது.

ஆனாலும் உங்கள் காம்ப்டன் நீளத்தை முழுக்க ஒதுக்க மாட்டேன். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் புள்ளியாக நிற்காமல் ஏறக்குறைய காம்ப்டன் நீளத்துக்கு நடுங்கிப் பரவியிருப்பதுபோல ஒரு திருத்தம் நிஜமாகவே இருக்கிறது. அதற்கு டார்வின் பெயர், பரிணாம டார்வினின் பேரன். ஆகவே அந்த நீளத்தில் ஏதோ நடக்கிறது. நடப்பது வளையம்தானா என்பதுதான் கேள்வி.

கேள்வி: ஸ்பின்னையும் நிறையையும் ஏன் எப்போதும் ஜோடியாகவே பேசுகிறார்கள்?
*சேலம் வாசகி*

பதில்: 1939-இல் விக்னர் செய்த வேலை. சிறப்புச் சார்பியலின் சமச்சீர்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு துகளுக்கு அடையாள அட்டையில் என்னென்ன இருக்க முடியும் என்று பார்த்தார். இரண்டு கட்டங்கள் வந்தன: ஒன்று நிறை, இன்னொன்று ஸ்பின். வித்தியாசம் என்னவென்றால், ஸ்பின் டவுன் பஸ் கட்டணம் மாதிரி, ஸ்டேஜ் ஸ்டேஜாகத்தான் ஏறும்: 0, அரை, ஒன்று, ஒன்றரை. நடுவில் இறங்க முடியாது. நிறை தராசில் நிறுக்கிற சரக்கு, எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் ஸ்பின் பக்கம் மாற்றுக் கொள்கைக்காரர்களுக்கு அவ்வளவாக இடம் இல்லை, கடையை ஏறக்குறைய சாத்திவிட்டார்கள். நிறைப் பக்கம் கடை இன்னும் அகலத் திறந்துதான் கிடக்கிறது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் நிறை தருவது ஹிக்ஸ் என்று போட்டிருந்தீர்கள். என்னுடைய 72 கிலோவும் ஹிக்ஸ் உபயமா?
*திருப்பூர் வாசகர்*

பதில்: தப்பாகத்தான் எழுதிவிட்டேன், பிடித்துவிட்டீர்கள். உங்கள் 72 கிலோவில் ஹிக்ஸ் உபயம் முக்கால் கிலோ சொச்சம்தான்.

புரோட்டானின் நிறை 938 எம்இவி (துகள்களின் நிறையை அளக்கிற ஆற்றல் அலகு). உள்ளே இருக்கிற மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் சுமார் 9 எம்இவி, அதாவது நூற்றில் ஒரு பங்கு. மீதி 99 பங்கும் அந்தக் குவார்க்குகள் ஓடுகிற ஓட்டமும் அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும்தான். ஆற்றலே நிறையாகத் தெரிகிறது. 2008-இல் ஒரு குழு சூப்பர் கம்ப்யூட்டரில் இதைக் கணக்கிட்டுப் புரோட்டான் நிறையைச் சில சதவீதப் பிழைக்குள் எடுத்துக் காட்டியது. உங்கள் உடம்பில் உள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்தே 20 கிராம் சொச்சம்தான் இருக்கும், அது முழுக்க ஹிக்ஸ் கணக்கு. கோயிலில் டியூப் லைட்டை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் எழுதியிருக்குமே, அப்படி எல்லா நிறையின் மேலும் ஹிக்ஸ் பெயர் எழுதப்பட்டுவிட்டது. கரண்ட் பில் கட்டுவது குளுவான்.

அந்த முக்கால் கிலோவுக்கும் ஹிக்ஸ் முழு விளக்கம் தருவதில்லை. 2012 ஜூலை 4-ஆம் தேதி செர்ன் அறிவித்த அந்தத் துகள் 125 ஜிஇவி (ஒரு ஜிஇவி ஆயிரம் எம்இவி). அதன் புலத்தோடு எந்தத் துகள் எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு நிறை என்பது கொள்கை, சோதனையும் இதுவரை அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் எலக்ட்ரான் ஏன் இவ்வளவு குறைவாக ஒட்டுகிறது, குவார்க்குகளிலேயே கனமான டாப் குவார்க் ஏன் அதைப்போல மூன்று லட்சம் மடங்குக்கு மேல் ஒட்டுகிறது என்று கேட்டால், அளந்து பார்த்தோம், அப்படி இருந்தது என்பதுதான் பதில். எண்களைக் கையால்தான் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மாற்றுக் கொள்கைக்காரர்கள் கோபப்படுகிற இடம் இது, அந்தக் கோபம் நியாயம்.

ஹிக்ஸே வேண்டாம் என்று 1970-களின் கடைசியில் வைன்பர்க், சஸ்கிண்ட் போன்றவர்கள் டெக்னிகலர் என்று ஒன்று செய்து பார்த்தார்கள். புரோட்டானுக்குள் நடக்கிற அதே தந்திரத்தைப் பெரிய அளவில் செய்யலாம் என்ற அழகான யோசனை. அளவீடுகள் கூர்மையாக ஆக ஆக அதற்கு மூச்சு முட்டியது.

கேள்வி: நான் ஆடிட்டர். எலக்ட்ரானின் கனமான உறவுக்காரரான மியூவானின் நிறையை எலக்ட்ரான் நிறையால் வகுத்தால் 206.77. மின்விசையின் வலிமையைக் காட்டுவதாக இயற்பியலில் புகழ்பெற்ற 137-ஐ ஒன்றரையால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 206.5. இது தற்செயலா?
*கோயம்புத்தூர் வாசகர்*

பதில்: உங்களிடம் ஒரு கம்பெனிக் கணக்கு வந்து, இருப்பு 206.77 இருக்க வேண்டிய இடத்தில் 206.5 இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா? அந்த விகிதத்தைப் புள்ளிக்குப் பிறகு ஐந்தாறு இலக்கம்வரை அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் இலக்கத்திலேயே இடிக்கிறது.

நீங்கள் தேடியது தப்பில்லை. பிற்பாடு நோபல் வாங்கிய நாம்பு, 1952-இல் துகள் நிறைகள் 137-ஐ ஒட்டிய படிக்கட்டில் வருகிறதோ என்று சின்னக் கட்டுரை எழுதினார். அதற்கு ஒரு வருடம் முன்னால் லென்ஸ் என்பவர் எழுதியது இன்னும் வேடிக்கை. புரோட்டான் நிறையை எலக்ட்ரான் நிறையால் வகுத்தால் வருவது 6 பெருக்கல் பையின் ஐந்தாம் அடுக்கு என்று அமெரிக்காவின் பெரிய ஆய்விதழிலேயே ஓரிரு வாக்கியத்தில் வெளியிட்டார். போட்டுப் பாருங்கள், 1836.118 வரும். அன்றைய அளவீட்டுக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. இன்றைய அளவு 1836.1527. லட்சத்தில் இரண்டு பங்கு வித்தியாசம், ஆனால் அளவீட்டின் துல்லியம் அதைவிட எத்தனையோ மடங்கு கூர்மை. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிட்டது.

ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் விழவில்லை. அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜப்பானின் கொய்டே 1980-களின் தொடக்கத்தில் ஒரு சமன்பாடு எழுதினார். கால்குலேட்டரை எடுங்கள். எலக்ட்ரான் 0.511, மியூவான் 105.658, அதைவிடக் கனமான இன்னொரு உறவுக்காரர் டவ் 1776.9, எல்லாம் எம்இவி. மூன்றையும் கூட்டினால் 1883.1. இப்போது ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம்: 0.715, 10.279, 42.153. அவற்றைக் கூட்டி வர்க்கப்படுத்துங்கள், சுமார் 2824.6 வரும். 1883.1-ஐ அதனால் வகுத்தால் 0.6667. மூன்றில் இரண்டு! நிறைகள் எப்படி இருந்தாலும் இந்த எண் மூன்றில் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில்தான் வரும், இது அந்த இரண்டுக்கும் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதில் என்னை உட்காரவைத்த விஷயம் வேறு. கொய்டே எழுதியபோது டவ் நிறை 1784 என்று அளந்திருந்தார்கள். அவருடைய சமன்பாடு 1777 கேட்டது. பிழை கொள்கையில்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1992-இல் பெய்ஜிங் மோதுகலத்தில் திரும்ப அளந்தார்கள், 1777-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. லென்ஸின் எண் துல்லியம் கூடக்கூட விலகிப் போனது, கொய்டேயின் எண் துல்லியம் கூடக்கூட நெருங்கி வந்தது. இந்த வித்தியாசத்தை ஓர் ஆடிட்டருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. இன்னொரு உறுத்தலும் உண்டு. துகள்களின் நிறையை அதிக ஆற்றலில் கணக்கிட்டால் எண்கள் லேசாக மாறும், அப்போது இந்த மூன்றில் இரண்டு அவ்வளவு கச்சிதமாக நிற்பதில்லை. ஆழமான விதி என்றால் அங்கேதான் கச்சிதமாக இருக்க வேண்டும், நேர்மாறாக இருக்கிறது. எனக்குக் கேட்டால் பாதி நாள் இது பனம்பழம் என்று நினைக்கிறேன், பாதி நாள் இல்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: அணுவுக்குள் புரோட்டான், அதற்குள் குவார்க் என்று போய்க்கொண்டே இருக்கிறதே, எலக்ட்ரானுக்குள்ளும் ஏதாவது இருக்கலாம் இல்லையா?
*மதுரை கல்லூரி மாணவர்*

பதில்: 1979-இல் ஹராரி இஸ்ரேலில் இருந்துகொண்டு அப்படித்தான் சொன்னார் தம்பி, ரிஷான் என்று பெயரும் வைத்தார். எபிரேயத்தில் முதலாவது என்று பொருள். இரண்டே வகை ரிஷானை மும்மூன்றாகச் சேர்த்தால் எலக்ட்ரான், நியூட்ரினோ, இரண்டு குவார்க் எல்லாம் கச்சிதமாக வரும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் 10⁻¹⁸ மீட்டருக்குள் எதையாவது அடைத்தால் அது துடிக்கிற துடிப்புக்கே 200 ஜிஇவி அளவில் ஆற்றல் வேண்டும். எலக்ட்ரானின் மொத்த நிறையே அதில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. உரித்தால் உள்ளே பெரிதாகிக்கொண்டே போகிற வெங்காயம். ஒரு சமச்சீர் அவ்வளவு ஆற்றலையும் மறைத்துவிடலாம் என்று 'ட் ஹூஃப்ட் வழி காட்டினார், அந்த வழியில் ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் இல்லை.

கேள்வி: எலக்ட்ரான் ஒரு குட்டிக் கருந்துளை என்று யூடியூபில் பார்த்தேன். உடான்ஸா?
*யாழ்ப்பாணம் வாசகர்*

பதில்: முழு உடான்ஸ் இல்லை, முக்கால். சுழலும், மின்னூட்டமுள்ள கருந்துளைக்கான சமன்பாட்டை எடுத்து அதன் காந்தத்தை 1968-இல் கார்ட்டர் கணக்கிட்டார். நாம் மேலே படாதபாடு பட்ட அந்த 2 அங்கே தானாக வந்தது. புரின்ஸ்கி என்ற ரஷ்யர் அதைப் பிடித்துக்கொண்டு நெடுநாள் உழைத்தார். எலக்ட்ரானின் எண்களை அதில் போட்டால் நடுவில் ஒரு வளையம் வரும், ஆரம் 1.93 × 10⁻¹³ மீட்டர். தஞ்சாவூர்க்காரர் கவனிக்கவும், அதே எண்! எனக்கும் முதல் தடவை பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நிறையையும் ஸ்பின்னையும் கொடுத்தால் எந்த வழியில் போனாலும் இந்த நீளம்தான் கிடைக்கும், வேறு நீளம் செய்ய அங்கே சரக்கு இல்லை. தவிர, இவ்வளவு சின்ன நிறைக்கு இவ்வளவு ஸ்பின் இருந்தால் கருந்துளையைச் சுற்றி இருக்க வேண்டிய எல்லைக் கோடே இல்லாமல் போய்விடும். 2 வந்தது சரி, அந்த 0.00116 சொச்சம் அங்கே இல்லை.

இதே சுழலும் கருந்துளையின் பக்கத்தில் ஓர் எலக்ட்ரான் போனால் டிராக் சமன்பாடு என்ன ஆகும் என்பது தனிக்கதை. சிக்கலான அந்தச் சமன்பாட்டை 1976-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

கேள்வி: சந்திரசேகரைத் தவிர ஸ்பின் விஷயத்தில் நம்மூர் ஆள் யாராவது?
*திருச்சி வாசகி*

பதில்: உங்கள் ஊர்க்காரரேதான் அம்மா. ஒளித்துகளுக்கும் ஸ்பின் உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று என்று 1931-இல் சி. வி. ராமனும் பகவந்தமும் கட்டுரை வெளியிட்டார்கள். ஒளி சிதறும்போது அதன் முனைவாக்கம் (ஒளி அலை அதிர்கிற திசை ஒழுங்கு) எவ்வளவு கெடுகிறது என்று அளந்து, அதிலிருந்து வந்த முடிவு. ராமன் விளைவு எல்லோருக்கும் தெரிகிறது, இது அவ்வளவாக வெளியே வரவில்லை. ஐந்து வருடம் கழித்து அமெரிக்காவில் பெத் என்பவர் குவார்ட்ஸ் இழையில் ஒரு தகட்டைத் தொங்கவிட்டு, ஒளி பட்டதும் அது திரும்புவதை அளந்தார். ஐன்ஸ்டைனின் இரும்புத் தண்டு மாதிரியே.

கேள்வி: இவ்வளவு பேசுகிற நீங்கள் ஏன் சொந்தமாக ஒரு கொள்கை எழுதவில்லை?
*வேலூர் வாசகர்*

பதில்: எழுதினேனே. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம், எட்டுப் பக்கம், எலக்ட்ரான் ஒரு சுழல் என்று. பேராசிரியர் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் “அந்த 2 எங்கே?” என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்த எட்டுப் பக்கமும் இன்னும் பரணில்தான் இருக்கிறது.